செவலைக்காக வந்த பணம்

ஈரோடு மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய பதினொரு பக்கக் கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். நாயின் பெயரை மட்டும், அவர் கேட்டுக்கொண்டபடி, அப்படியே விட்டிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. எழுதியவருக்கு வயது 36. தனியார் பள்ளியில் வேலை, மாதச் சம்பளம் 24,000 ரூபாய். ஆறு ஆண்டுகளாக, தெருவில் அடிபட்டும் நோயுற்றும் கிடக்கும் நாய்களையும் பூனைகளையும் எடுத்துவந்து மருத்துவம் பார்க்கிறார். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் இரவு, புறவழிச்சாலையில் லாரி மோதிப் பின்னங்கால்கள் இரண்டும் முறிந்து கிடந்த ஒரு பெண் நாயைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார். தெருக்காரர்கள் அதைச் செவலை என்று கூப்பிடுவார்கள். கோவையில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில், எலும்புக்குத் தகடு வைக்க 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மறுநாள் காலையில் செவலையின் படத்தையும் தன் சம்பளக் கணக்கின் க்யூஆர் குறியீட்டையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு வேண்டுகோள் அனுப்பினார். ஏழு நாளில் 163 பேர் அனுப்பிய தொகை 1,12,400 ரூபாய்.

மருத்துவமனைக்கு 30,000 ரூபாய் முன்பணம் கட்டினார். அறுவை சிகிச்சை நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு செவலை இறந்துவிட்டது. மோதலில் சிறுநீர்ப்பையும் கிழிந்திருந்தது என்று மருத்துவர் சொன்னாராம். அதுவரை ஆன செலவு 11,800. மீதி 18,200 ரூபாயை "அடுத்த நாய்க்குக் கழித்துக்கொள்ளலாம்" என்று மருத்துவமனையே வைத்துக்கொண்டது. கையிலிருந்த பணத்தில், மற்ற நாய்களுக்காக எட்டு மாதமாக மருந்துக்கடையிலும் உள்ளூர் மருத்துவரிடமும் சேர்ந்திருந்த 41,500 ரூபாய்க் கடனை அடைத்தார். பஸ் நிலையத்து நாய் ஒன்றுக்குப் பிறப்புறுப்பில் வந்த கட்டிக்கு 9,600 ரூபாய் செலவிட்டார். கணக்கில் இப்போது இருப்பது 31,300. செவலை இறந்த செய்தியை ஏழாம் நாள்தான் குழுக்களில் போட்டார். இடைப்பட்ட நாட்களில் 22 பேர் 14,750 ரூபாய் அனுப்பியிருந்தார்கள்.

பணம் அனுப்பிய ஒருவர் ரசீது கேட்க, அதிலிருந்து பேச்சு வளர்ந்து, "நாய் பெயரைச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறாள்" என்று ஒருவர் குழுவில் எழுதிவிட்டார். காவல் நிலையத்தில் மனு கொடுக்கப்போவதாக இன்னொருவர் சொல்கிறார். நகையை அடகு வைத்தாவது முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த வேலையையே விட்டுவிடச் சொல்கிறார் கணவர். இது குற்றமா, வரி உண்டா, அறக்கட்டளை தொடங்க வேண்டுமா, வெளிநாட்டுத் தோழிகளிடம் பணம் வாங்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய உறையை மேசையில் கொட்டி, ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். மொத்தம் பதினேழு. ஒன்றின் மூலையில் அயோடின் மருந்து சிந்திக் காய்ந்த பழுப்புக் கறை; அதன் கீழே மருந்தின் பெயர் பாதிதான் தெரிகிறது. மூன்று ரசீதுகளில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் "நாய்" என்று மட்டும் இருக்கிறது. பணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர் எட்டு மாதத்து மருந்துச் சீட்டுகளை இப்படிப் பத்திரமாக வைத்திருக்க மாட்டார். உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடிதத்தில் இரண்டு இடங்களில் நீங்கள் நினைப்பது சரியில்லை. அந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மற்றவை எளிது.

அது யாருடைய பணம்?

"கொடுத்துவிட்டார்கள், நானும் நாய்களுக்குத்தானே செலவு செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேண்டுகோளின் நகலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "லாரியில் அடிபட்ட செவலைக்குத் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்ய 45,000 ரூபாய் தேவை" என்றுதான் அதில் இருக்கிறது. பொதுவாக நாய்களுக்கு என்று ஒரு சொல்கூட இல்லை. குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று பிறர் கொடுத்த பணத்தை வாங்கியவர், அந்தக் காரியத்தின் பொறுப்பாளராகத்தான் அதை வைத்திருக்கிறார். காரியம் நடக்க முடியாமல் போனாலோ, நடந்து முடிந்து பணம் மிஞ்சினாலோ, வேறு ஏற்பாடு சொல்லப்படாதபோது, மீதியைக் கொடுத்தவர்களுக்காகவே வைத்திருக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் 83-ஆம் பிரிவில் சொல்லும் நெறி இது. ஒரு நாய்க்காக வாட்ஸ்அப்பில் திரட்டிய பணம் அந்தச் சட்டத்துக்குள் அப்படியே அடங்குமா என்று வக்கீல்கள் வாதிடலாம். ஆனால் எந்த நீதிபதியும் நியாயத்தை இந்த இடத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார்.

ஆகவே, செவலை இறந்த அன்று இரவே மிச்சப் பணம் கொடுத்தவர்களுக்காக வைத்திருக்க வேண்டியதாகிவிட்டது. கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பெரும்பாலானோர் "மற்ற நாய்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேட்காமல் செய்ததுதான் இன்றைய சிக்கல். அதை இப்போதும் கேட்கலாம்.

திருப்பித் தர வேண்டியது எது?

உங்கள் கணவர் சொல்வதுபோல் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டியதில்லை. தயவுசெய்து நகையை அடகு வைக்காதீர்கள். 1,12,400 ரூபாயையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பதால்தான் அவருக்கு அவ்வளவு அச்சம். பிரித்துப் பார்த்தால் நான்கு பங்கு இருக்கிறது.

முதல் பங்கு, செவலைக்கே ஆன 11,800. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ், ஊசி, இரண்டு இரவுக்கான கட்டணம். இதை யாரும் கேட்க முடியாது. நாய் பிழைக்கவில்லை என்பதால் செலவு தவறாகிவிடாது.

இரண்டாவது, செவலை இறந்த பிறகு வந்த 14,750. உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது இந்தத் தொகைதான். நீங்கள் இதை இரண்டே வரியில் கடந்துபோகிறீர்கள். "அழுதுகொண்டே இருந்தேன், போனைத் தொடவில்லை" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த 22 பேரின் பக்கத்தில் நின்று பாருங்கள். உயிரோடு இல்லாத நாயின் அறுவை சிகிச்சைக்கு அவர்கள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். இறந்தது தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டார்கள். இந்தத் தொகையை யாரிடமும் எதுவும் கேட்காமல், யாரும் கேட்கும் வரை காத்திராமல், உங்கள் கணக்கில் இருக்கும் 31,300-இலிருந்து இந்த வாரமே திருப்பி அனுப்புங்கள். வங்கிக்குப் போய் அந்த ஏழு நாளுக்கான கணக்கு அறிக்கையை வாங்குங்கள். ஒவ்வொரு வரவின் நேரமும் அனுப்பியவரின் யூபிஐ முகவரியும் அதில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பணம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதே முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். "நானும் ஐந்நூறு அனுப்பினேன், இந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்று புதிய எண்ணிலிருந்து வரும் செய்திகளுக்குப் பணம் போட வேண்டாம்.

மூன்றாவது, கேட்காமல் வேறு நாய்களுக்குச் செலவான 51,100. செலவுக்கு ரசீது இருக்கிறது, சம்மதம் இல்லை. நான்காவது, மீதி: உங்கள் கணக்கில் 16,550, மருத்துவமனையில் 18,200.

அந்த 18,200 உங்கள் மனத்திலிருந்தே நழுவிவிட்டது போலிருக்கிறது. "அடுத்த நாய்க்கு" என்று வாய்வார்த்தையாக விட்டிருக்கிறீர்கள். வாங்காத சேவைக்கான முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டியது. கட்டணம் வாங்கிச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவமனை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். சண்டை வேண்டாம். முன்பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அவர்களுடைய கடிதத்தாளில் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள், அல்லது பணத்தைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். செவலையின் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும், இறந்த தேதியும் நேரமும் காரணமும் எழுதிய சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களிடம் இருக்க வேண்டிய தாள்களில் மிக அவசியமானது இந்தச் சான்றுதான். அது மட்டும் உறையில் இல்லை.

இவை கைக்கு வந்ததும், முதல் வேண்டுகோள் போன எல்லாக் குழுக்களுக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"லாரியில் அடிபட்ட செவலைக்கு நீங்கள் 163 பேர் அனுப்பியது 1,12,400 ரூபாய். செவலை மூன்றாம் நாள் இரவு இறந்துவிட்டது. அதன் சிகிச்சைக்கு ஆன செலவு 11,800. மற்ற நாய்களின் மருந்துக் கடனுக்கும் ஒரு நாயின் கட்டி சிகிச்சைக்கும் 51,100 ரூபாய் செலவிட்டேன். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். செவலை இறந்த பிறகு வந்த 14,750 ரூபாயை அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட்டேன். மீதி 34,750. இதை மற்ற நாய்களின் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம் இல்லாதவர்களும், நான் முன்பே செலவிட்டதை ஏற்காதவர்களும் பதினைந்து நாளுக்குள் எனக்குத் தெரிவித்தால், அவரவர் அனுப்பிய தொகையைத் திருப்பித் தருகிறேன். ரசீதுகளைப் படமெடுத்துக் கீழே இணைத்திருக்கிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். உங்கள் ஆறு ஆண்டு உழைப்பு, கணவரின் கோபம், தூங்காத இரவுகள் எதையும் இதில் சேர்க்காதீர்கள். அவையெல்லாம் உண்மைதான், ஆனால் கணக்குக் கேட்டவருக்கு அவை பதிலாகாது. ரசீதுகளை இணைக்கும்போது கொடுத்தவர்களின் பெயரும் எண்ணும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். கேட்பவர்களின் தொகை கையில் இருப்பதைத் தாண்டிப் போனால், தவணையில் தருவதாக எழுதிக்கொடுங்கள். கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் குறைவு என்பதை என்னிடம் வழக்கு விஷயமாக வந்த சிலரிடம் பார்த்திருக்கிறேன்.

வழக்கு வருமா?

மனு கொடுப்பதை யாராலும் தடுக்க முடியாது. மனு வந்தால் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்ததற்கான பதிவு ரசீது) போட்டு உங்களை விசாரணைக்கு அழைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் இங்கே பேசப்படக்கூடியவை இரண்டு பிரிவுகள். 318-ஆம் பிரிவு ஏமாற்றுதல் பற்றியது. அதற்கு, பணம் கேட்ட அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் நாய் இருந்தது, முறிவு இருந்தது, மருத்துவரின் மதிப்பீடும் இருந்தது. 316-ஆம் பிரிவு நம்பிக்கை மோசடி பற்றியது. நம்பி ஒப்படைத்ததை நேர்மையற்ற எண்ணத்தோடு தனக்கென ஆக்கிக்கொள்வது அல்லது சொன்னதற்கு மாறாகப் பயன்படுத்துவது. 51,100 ரூபாயைக் காட்டி இந்தப் பிரிவைத்தான் பேசுவார்கள். நேர்மையற்ற எண்ணம் இல்லை என்பதற்கு உங்கள் பதினேழு ரசீதுகளும் நல்ல சாட்சி. ஆனால் 14,750 ரூபாயைத் திருப்பாமல் வைத்திருந்தால் அந்தச் சாட்சியின் பலம் குறைந்துவிடும். அதனால்தான் இந்த வாரமே என்றேன்.

இன்னொரு ஆபத்தை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பணம் அனுப்பிய யாராவது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், உங்கள் கணக்கு முடக்கப்படலாம். அது உங்கள் சம்பளக் கணக்கு. ஐந்நூறு ரூபாய்ப் புகாருக்காக மாதச் சம்பளமும் வீட்டு வாடகையும் மாட்டிக்கொள்ளும் நிலை வரலாம். அப்படி நடந்தால், எந்த ஊர்க் காவல்துறை, என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி அந்தக் காவல் அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் நீதிமன்றத்தை அணுகலாம்.

"பிழைப்பு நடத்துகிறாள்" என்று எழுதியவர் மேல் அவதூறு வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 356-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் நான் போடச் சொல்ல மாட்டேன். அந்த வழக்கில் முதலில் கூண்டில் ஏறிக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவர் எழுதியதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதில் எழுதாதீர்கள். ரசீது கேட்ட முதல் மனிதரை இவரோடு சேர்த்துவிடவும் வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் செய்தியை எல்லோருக்கும் முன்னதாக அவருக்கு அனுப்புங்கள்.

வருமான வரி

"நாய்களுக்காக வந்த பணத்துக்கு வரி கிடையாது, அதுவும் ஒவ்வொருவரும் சில நூறுதானே அனுப்பினார்கள்" என்று எழுதியிருப்பது நீங்கள் தவறாக நினைக்கும் இரண்டாவது இடம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து தனிநபர் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் கைம்மாறின்றி வரும் பணம், எல்லோருடையதையும் கூட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்லாமல் முழுத் தொகையும் வருமானமாகவே கொள்ளப்படும். எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பது பொருட்டல்ல. இது என் பணமில்லை, பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருந்தேன் என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்கும் ரசீதும் கணக்கும்தான் கால்கள்.

ஆனால் அஞ்ச வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி வராது. உங்கள் சம்பளத்தோடு இந்தத் தொகையைச் சேர்த்தாலும் அதில் பாதியைக்கூட எட்டாது. கட்ட வேண்டியது பூஜ்யமாகவே இருக்கும். இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். உள்ளூர் ஆடிட்டரிடம் இந்தக் கடிதத்தின் சுருக்கத்தைக் காட்டினால் போதும்.

பத்து சதவீதம் கேட்கும் அறக்கட்டளை

உங்களுக்கு உதவ முன்வந்திருக்கும் அறக்கட்டளை பற்றிப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும், கொடுப்பவர்களுக்கு நாங்கள் வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது தருகிறோம், எங்களுக்குப் பத்து சதவீதம்" என்கிறார்களாம். தன் கணக்குக்கு வராத பணத்துக்கு ஓர் அறக்கட்டளை ரசீது கொடுப்பது பொய் ரசீது. யார் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று வரித் துறைக்கு அவர்கள் ஆண்டுதோறும் பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் உங்களுக்குப் பணம் அனுப்பிய அப்பாவிகளின் பெயர்களும் மாட்டிக்கொள்ளும். நாளைக்கே மறுத்துவிடுங்கள், எழுத்தில். நேர்மையான அறக்கட்டளையோடு சேர வேண்டுமானால் வழி வேறு: பணம் அவர்கள் கணக்குக்குப் போக வேண்டும், மருத்துவமனைக் கட்டணத்தை அவர்களே நேராகக் கட்ட வேண்டும், ரசீது அவர்கள் பெயரில் இருக்க வேண்டும்.

சொந்தமாக அறக்கட்டளை தொடங்கலாமா? நம்பிக்கையான இரண்டு, மூன்று பேர் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிடலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். பதிவு எளிது, அதற்குப் பிறகு பான் எண், வருமான வரிப் பதிவு, 80ஜி ஒப்புதல், ஆண்டுக் கணக்கு, தணிக்கை என்று ஒவ்வொன்றாக வரும். 80ஜி ரசீதின் கவர்ச்சியும் முன்போல் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. ஆண்டுக்குச் சில லட்சம் புழங்கும் நிலை வரும்போது தொடங்குங்கள். இப்போதைய சிக்கலை மூடிமறைக்க ஒரு பத்திரம் பதிந்தால், பழைய பணத்துக்கும் புதிய பெயருக்கும் உள்ள தொடர்பை விளக்குவது இரட்டை வேலையாகிவிடும்.

அடிபட்ட தெரு நாய்க்கு மருத்துவம் பார்க்க விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். வேண்டாம். உயிர்களிடம் கருணை காட்டுவதை அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு குடிமக்களின் கடமையாகவே சொல்கிறது. தெரு நாய்களுக்குக் கருத்தடைத் திட்டம் நடத்துவதற்குத்தான் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி வாரியத்தின் அங்கீகாரம் தேவை.

டொராண்டோவும் சிங்கப்பூரும்

டொராண்டோவில் இருக்கும் தோழி, தன் அலுவலகத்தில் வசூல் செய்து இரண்டு லட்சம் அனுப்புவதாகச் சொல்கிறார். அவர் கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டார். அலுவலகத்தில் கொடுப்பவர்களும் அந்நாட்டவர்கள். இது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இதை வாங்காதீர்கள். அறக்கட்டளை தொடங்கினால் வாங்கிவிடலாம் என்பதும் இல்லை; அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்று வாங்கி உங்களுக்குக் கைமாற்றுவதும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முடியாது. தோழிக்கு உதவ மனமிருந்தால், பதிவு பெற்ற விலங்கு நல அமைப்புக்கு அவர் நேராகக் கொடுக்கட்டும்; அந்த அமைப்பே தன் மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கட்டும்.

சிங்கப்பூர்த் தோழியின் நிலை வேறு. அவரிடம் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுத்தான் இருக்கிறது. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரும் தன் நண்பர்களிடம் வசூல் செய்து அனுப்பக் கூடாது.

அடுத்த முறை கேட்கும்போது

நீங்கள் இதை விட்டுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதற்கென்று ஒரு தனிச் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிட்டு, அதன் பிறகு கேளுங்கள். முடிந்தால் இந்த வேலையில் உங்களோடு நிற்கும் இன்னொருவரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகத் திறங்கள்.

வேண்டுகோளிலேயே இவை இருக்கட்டும்: மருத்துவரின் எழுத்து மதிப்பீட்டுப் படம், தேவைப்படும் தொகை, கடைசித் தேதி, பிறகு இந்த ஒரு வரி: "தொகை மிஞ்சினாலோ நாய் பிழைக்காவிட்டாலோ, மீதி மற்ற நாய்களின் சிகிச்சைக்குச் செலவாகும், சம்மதம் இல்லாதவர்கள் சொன்னால் திருப்பித் தரப்படும்." இந்த வரி அன்றே இருந்திருந்தால் இன்று உங்களுக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. வாட்ஸ்அப்பில் போன செய்தியைத் திரும்பப் பிடிக்க முடியாது. அது ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே தொகை சேர்ந்த அன்றே "போதும்" என்று ஒரு செய்தி போடுங்கள். நாய் இறந்துவிட்டால், எவ்வளவு அழுதாலும் அன்றே இரண்டு வரி. உங்களால் முடியாவிட்டால் போடுவதற்கு ஒருவரை முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள்.

கடையிலும் மருத்துவரிடமும் கடன் ஏறும்போதே மாதாமாதம் அதைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். அடிபட்ட நாயின் படத்துக்கு ஒரே நாளில் பணம் வருகிறது. உண்ணிக் காய்ச்சலுக்கு நான்கு வாரம் மாத்திரை கொடுப்பதற்கு யாரும் அனுப்புவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் மாத்திரைக்கு என்று கேட்டு வாங்கிய ஐந்நூறு ரூபாயோடு நிம்மதியாகத் தூங்கலாம்.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாணவர்கள் பயிலும் அரசு மருத்துவமனை என்பதால், எலும்பு முறிவு போன்றவற்றுக்குத் தனியார் இடம் ஒன்றில் பெரிய முன்பணம் கட்டும் முன் அங்கே ஒரு முறை காட்டுங்கள். பஸ் நிலையத்து நாய்க்கு இன்னும் இரண்டு வாரம் வின்கிரிஸ்டின் ஊசி பாக்கி என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை இடையில் நிறுத்தினால் கட்டி மறுபடி வளரக்கூடும் என்பதால், பதினைந்து நாள் கெடு முடியும் வரை அந்த ஊசிக்கான பணத்தை மட்டும் உங்கள் கையிலிருந்து போடுங்கள்; பொதுப் பணத்தைத் தொடாதீர்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஓரத்தில் பென்சிலால் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு குட்டிக்குக் காதுக்குப் பின்னால் புழு வைத்திருக்கிறது, பிள்ளைகள் கொண்டுவந்து உங்கள் வாசலில் விட்டிருக்கிறார்கள், பணம் கேட்கப் பயமாக இருப்பதால் இரண்டு நாளாக என்ன செய்வதென்று தெரியவில்லை என்று. இதற்கு யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையில் கொண்டுபோங்கள். புழுவை எடுத்து மருந்து வைத்துவிடுவார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், யாரையாவது கடித்திருந்தால் அவர்களுக்கு அன்றே ஊசி போடச் சொல்லுங்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால், இந்த ஒரு பத்தியை மட்டும் இன்று மாலையே உங்கள் எண்ணுக்கு அனுப்பிவிட்டேன்.